மிதக்காத முட்டை

ஜெனிற்றாவின் குரல் சிறியது. குருநகர்க் கரையில் எல்லாரும் காற்றை மீறிக் கதைத்துப் பழகியவர்கள். அவளுடைய தகப்பன் செபமாலை வள்ளத்தில் நின்று கூப்பிட்டால் கோயில் வளவுக்குக் கேட்கும். அந்த வீட்டில் பிறந்தும், பூசையில் வேதாகம வாசகம் வாசிக்க விட்டால் இவள் சத்தம் இரண்டாம் வரிசை வாங்கைத் தாண்டாது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கல்விப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது தமையன் சுபாஸ் சொன்னான்: "உன்ரை குரலுக்குத் தபால் கந்தோர்தான் சரி. அங்கை முத்திரை குத்திறதுதான் சத்தம்."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் நாலு வருடமும் கூடவே வந்தது.

நாலாம் வருடத்தில் பத்துக் கிழமை, அதாவது இரண்டரை மாதம், கற்பித்தல் பயிற்சி. புத்தூர்ப் பக்கத்தில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய பாடசாலையில் ஏழாம் வகுப்பு விஞ்ஞானம் அவளுக்குக் கிடைத்தது. இருபத்தொன்பது பிள்ளைகள். விடிய ஐந்தரைக்கு எழும்பி, சீலை உடுத்து, பருத்தித்துறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேருவாள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் கேள்வி கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அவள் கேட்பது கடைசி வரிசைப் பின்வாங்குக்குக் கேட்காது. கேட்டவர்களும் மற்றவன் சொல்லட்டும் என்று இருப்பார்கள்.

மேற்பார்வைக்கு இரண்டு தடவை விரிவுரையாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு தடவையும் படிவத்தின் அடியில் ஒரே வசனம்: 'மாணவர் பங்குபற்றல் போதாது.' இரண்டாம் தடவை 'போதாது' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் இழுத்திருந்தார்.

இனி இருந்தது இறுதிப் பாடம் ஒன்று மட்டும். இரண்டு பரீட்சகர்கள், நாற்பது நிமிடம். அதில் தவறினால் அடுத்த அணியோடு பத்துக் கிழமையையும் திரும்பச் செய்ய வேண்டும். ஆசிரிய நியமனம் அணி அணியாகத்தான் வரும். முந்தின அணியில் தவறிய ஒரு பெண் மூன்று வருடம் வீட்டில் இருந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது அவள் நகரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஜெனிற்றா அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.

அதே பாடசாலையில் பயிற்சிக்கு வந்திருந்த உரும்பிராய்ச் சிவதர்ஷன் முந்தின கிழமை இறுதிப் பாடம் முடித்திருந்தான். பரீட்சகர்கள் கைகொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"நீர் இன்னும் ஊறப்போடேல்லையோ?" என்று ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்தபடி கேட்டான்.

"என்னத்தை?"

"வகுப்பைத்தான். கடலையை முதல் நாள் ஊறப்போடாமல் அவிக்கிறனீரோ? முதல் நாள் அதே பாடத்தை ஒருக்கா எடுத்துவிடவேணும். ஆருக்கு எந்தக் கேள்வி எண்டு சொல்லி வைக்கவேணும். அடுத்த நாள் சும்மா பொங்கி வரும்."

"அது பிழையெல்லோ?"

"எங்கடை அணியிலை ஊறப்போடாத ஒரு ஆளைச் சொல்லும் பாப்பம்." அவன் கோப்பையை வைத்தான். "உமக்குப் பங்குபற்றல்தானே இல்லை. அதைத்தான் சொல்லுறன்."

 புதன்கிழமை அவளும் ஊறப்போட்டாள். வியாழன் இறுதிப் பாடம்.

பாடம் அடர்த்தி. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும், கிணற்றுத் தண்ணீரில் தாழும். எல்லாரும் கறியுப்பைக் கரைத்துக் காட்டுவார்கள். தான் கடல் தண்ணீரையே கொண்டுபோனால் என்ன என்று ஜெனிற்றாவுக்குத் தோன்றியிருந்தது. கடல் காணாத ஊர்ப் பிள்ளைகளுக்குத் தன் பக்கத்தில் இருந்து ஒன்றைக் கொண்டுபோகிற சின்னப் பெருமையும் அதில் இருந்தது. செபமாலை ஐந்து லீற்றர்க் கலனில் நிரப்பிக் கொடுத்தார்.

"கடல் தண்ணியைப் புத்தூருக்குக் கொண்டுபோய் என்ன, விக்கப் போறியோ?"

"படிப்பிக்க, அப்பா."

"உதிலை படிப்பிக்க என்ன கிடக்கு? உப்புக் கரிக்கும். அவ்வளவுதான்."

புதன்கிழமை எல்லாம் திறமாக நடந்தது. தெருமுனைக் கடையில் வாங்கிய முட்டை கிணற்றுத் தண்ணீரில் தாழ்ந்தது, கடல் தண்ணீரில் மெல்ல எழும்பி மேலே நின்றது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவள் கேள்விகளைப் பங்கிட்டாள். முதல் கேள்வி பிரணவனுக்கு. 'மிதக்குது' என்று எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். காரணம் கோபிகாவுக்கு, அவள்தான் வசனத்தைப் பிசகாமல் சொல்வாள். பின்னேரம் பாடக்குறிப்புக் கோப்பில் அன்றைய பக்கத்தில் 'உணவுச் சங்கிலி – மீட்டல்' என்று எழுதினாள். எழுதும்போது பேனை ஒரு தரம் நின்றது. பிறகு ஓடியது.

வியாழக்கிழமை கோப்பாய்ச் சந்தியில் பஸ் பிரேக் போட்டது. ஏறிய ஒரு கிழவரின் மண்வெட்டிப் பிடி அவள் பையில் இடித்தது. பைக்குள் கைவிட்டுப் பார்த்தபோது விரலில் மஞ்சள் ஒட்டியது. கலன் தப்பிவிட்டது. நேற்றைய முட்டை போய்விட்டது. பழுதான மணம் ஒன்று லேசாக வந்தது. அவளுக்கு அதைக் கவனிக்கிற மனம் அப்போது இல்லை.

பாடம் மூன்றாவது பாடவேளையில். அதற்குள் கடைக்கு ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு பாடசாலைப் படலைக்குள் நுழைந்தாள். அதிபரின் அறை வாசலில் ஒரு கார் நின்றது.

"வந்திட்டினம்," என்றான் சிவதர்ஷன். முகத்தில் சிரிப்பு இல்லை. "முதல் பாடமாம். மூண்டாவதுக்கு வேறை பள்ளிக்கூடம் போகவேணுமாம். உம்மடை வகுப்புக்குத்தான் நேரே வருகினம்."

"என்னட்டை முட்டை இல்லை."

கோபிகா அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வீடு பாடசாலை வேலிக்கு அடுத்த பக்கம். "ரீச்சர், நான் கொண்டு வாறன்," என்றவள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனாள். மணி அடிக்கவும் திரும்பி வந்தாள். சட்டை மடிப்பில் பொத்திப் பிடித்திருந்த முட்டை இன்னும் சூடாக இருந்தது.

பரீட்சகர்கள் பின்வாங்கில் இருந்தார்கள். ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளர் சோமசேகரம். நாலு வருடமாகத் தெரிந்தவர், பிள்ளைகளின் கொப்பியைக்கூடப் பேசாமல் திருப்புகிறவர். மற்றவர் வெளியிலிருந்து வந்த பரீட்சகர், திருமதி பத்மாவதி. ஒரு காலத்தில் அதிபராக இருந்தவராம். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் படிவத்தை வைத்திருந்தார்.

ஜெனிற்றா தொடங்கினாள். மேசையில் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கடல் தண்ணீர். முட்டையைக் கரண்டியால் முதலாவதில் இறக்கினாள்.

"என்ன நடக்குது? பிரணவன்?"

"தாழுது ரீச்சர்." பெயர் அவள் வாயிலிருந்து முழுதாக வருமுன்பே அவன் எழும்பியிருந்தான்.

சோமசேகரம் ஏதோ குறித்தார்.  ஜெனிற்றா முட்டையை எடுத்துத் துடைத்து, கடல் தண்ணீரில் விட்டாள். விட்டுவிட்டு, ஒத்திகையில் செய்தது போலவே வகுப்பைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப என்ன நடக்குது?"

"மிதக்குது ரீச்சர்."

இருபத்தொன்பது வாயும் ஒன்றாகச் சொன்னது. அப்படி ஒரு சத்தத்தை இந்த வகுப்பில் அவள் கேட்டதில்லை. அடுத்த கணம் கோபிகா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"கடல் தண்ணியின்ரை அடர்த்தி முட்டையின்ரை அடர்த்தியை விடக் கூட. அதாலை முட்டை மிதக்குது."

அந்தக் கேள்வியை ஜெனிற்றா இன்னும் கேட்கவேயில்லை.

அப்போதுதான் ஜெனிற்றா பாத்திரத்தைப் பார்த்தாள். முட்டை அடியில் கிடந்தது. கல்லு மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

பத்மாவதியின் பேனை நின்றது. சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பாத்திரத்தைப் பார்த்தார். வகுப்பு பாத்திரத்தைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

யன்னலுக்கு வெளியே விறாந்தையில் சிவதர்ஷன் நின்றான். கையால் காற்றில் படம் கீறிக் காட்டினான். பலகைக்குத் திரும்பு, படத்தைக் கீறு, விளக்கத்துக்குப் போ என்கிறான். போகலாம். பாத்திரத்தைத் தன் உடம்பால் மறைத்து நின்று, அம்புக்குறி போட்டு, மேலுதைப்பு என்று எழுதினால் பாடம் ஓடிவிடும். அவள் வெண்கட்டியை எடுத்தும் விட்டாள்.

கோபிகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இருக்கச் சொல்ல மறந்துபோயிருந்தது. அவளுடைய முட்டை. அதை ஒருக்கா பார்ப்பாள், ரீச்சரை ஒருக்கா பார்ப்பாள்.

"கோபிகா," என்றாள் ஜெனிற்றா. "முட்டை எங்கை கிடக்கு?"

பிள்ளை யோசித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எதைச் சொல்ல ரீச்சர்?"

ஜெனிற்றா வெண்கட்டியை மேசையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லும்."

"அடியிலை கிடக்கு."

"நேற்று மிதந்தது ரீச்சர்," என்றான் பிரணவன். அவனுக்கு அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பான்.

 நேற்று என்ற சொல் பின்வாங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோப்பு அங்கேதான், சோமசேகரத்தின் முழங்காலில் விரித்தபடி கிடந்தது. அவர் ஒரு பக்கம் பின்னுக்குத் திருப்பினார். உணவுச் சங்கிலி.

துணிக்கடையில் நிற்கிற பெண்ணின் முகம் ஜெனிற்றாவுக்கு ஞாபகம் வந்தது. எந்தக் காரணமும் இல்லாமல், அவள் துணி கிழிக்கிற சத்தமும் வந்தது.

"ஓம்," என்றாள். "நேற்று இதே பாடம்தான் எடுத்தம். நேற்று மிதந்தது. இண்டைக்குத் தாண்டு போச்சு. ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை. நேற்றைக்கும் இண்டைக்கும் என்ன வித்தியாசம்?"

 இந்தக் கேள்வி ஒருத்தருக்கும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தண்ணி பழசாப் போச்சு," என்றது நடுவாங்கிலிருந்து ஒரு குரல்.

"இண்டைக்குச் சேர் வந்திருக்கிறார்," என்றது இன்னொன்று, பின்வாங்கில் இருந்த சோமசேகரத்தைக் காட்டி.

"சேரைக் கண்டு முட்டை பயந்து போச்சோ?" என்று பிரணவன் கேட்க, வகுப்பு சிரித்தது. பத்மாவதியும் வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். சோமசேகரம் சிரிக்கவில்லை.

"முட்டை வேறை ரீச்சர்," என்றாள் கோபிகா. "நேற்றையது கடை முட்டை. இது எங்கடை கோழி விடியத்தான் இட்டது."

"முட்டை முட்டைதானே?"

"இல்லை ரீச்சர். அம்மா கோழியை அடைக்கு வைக்க முதல் முட்டையைத் தண்ணியிலை போட்டுப் பாக்கிறவ. நல்லது தாழும். பழுதாகிறது எழும்பும். கூழ்முட்டை எண்டால் கிணத்துத் தண்ணியிலையே மிதக்கும்."

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்," என்றார்கள் நாலைந்து பேர். ஆளுக்கொரு கோழிக் கதை கிளம்பியது. ஜெனிற்றாவுக்கு விரலில் ஒட்டிய மஞ்சளும் அந்த மணமும் ஞாபகம் வந்தன. நேற்று முட்டையைத் தூக்கியது முழுக்கக் கடல் அல்ல. பழுதாகத் தொடங்கிய முட்டை அது. கடலில் வளர்ந்தவள், கடல் தண்ணீர் என்றால் எல்லாவற்றையும் தூக்கும் என்று நம்பி, கோழி வளர்க்கிற பிள்ளைகளிடம் முட்டையைக் கொண்டு வந்திருக்கிறாள்.

"அப்ப கடல் தண்ணி பொய்யோ ரீச்சர்?" பிரணவன் விடவில்லை.

"பொய் எண்டு சொல்லேலாது. உப்புக் காணாதோ தெரியேல்லை. என்ன செய்து பாக்கலாம்?"

"இன்னும் உப்புப் போடலாம்."

மதிய உணவு சமைக்கிற கொட்டிலுக்கு ஒருவன் ஓடினான். உப்புப் பையோடும் தேக்கரண்டியோடும் வந்தான். ஒவ்வொரு வாங்காக ஆள் வந்து ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, தண்ணீர் தெளியும்வரை நின்று பார்த்தது. மற்றவர்கள் எண்ணினார்கள். நாலு. ஐந்து. முட்டை அசையவில்லை. ஏழாவதில் அதன் ஒரு நுனி அடியை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. "எழும்புது," என்று ஒருத்தன் சொல்ல, "இல்லை, நீ மேசையை ஆட்டினாய்," என்று மற்றவன் சண்டைக்குப் போனான். பின்வாங்குப் பிள்ளைகள் பரீட்சகர்களை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்து நின்றார்கள். பாடக்குறிப்பில் ஐந்து படிகள் இருந்தன. இரண்டாவதிலேயே முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது.

பதினோராவது கரண்டியில் முட்டை அடியை விட்டு எழும்பி, தண்ணீருக்கு நடுவே நின்றது. மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை. அப்போது மணி அடித்தது.

"ரீச்சர்," என்றான் பிரணவன், போகிற போக்கில். "எங்கடை நிலாவரைக் கிணத்திலை மேலை நல்ல தண்ணி, கீழை உப்புத் தண்ணி எண்டு சொல்லுவினம். அதுக்குள்ளை முட்டை போட்டால் எங்கை நிக்கும்?"

அதே கிணறுதான் அவளுடைய பாடக்குறிப்பின் நாலாவது படி. அங்கே அவள் எழுதியிருந்த பதில் நேற்றைய முட்டையை நம்பி எழுதியது.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

அதிபரின் அறையில் மூவரும் இருந்தார்கள். யன்னலால் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் சத்தம் வந்தது. சோமசேகரம் கோப்பை மேசையில் வைத்து, புதன்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"பொய் சேர்."

"பாடத்தை முதல் நாளே நடத்தினால் மதிப்பீடு செல்லாது. விதி தெரியும்தானே?"

"தெரியும்."

"உமக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?"

சிவதர்ஷன் இன்னும் விறாந்தையில்தான் நின்றான். கதவின் நிலைக்கு அப்பால் அவனுடைய சப்பாத்தின் நுனி தெரிந்தது.

"செய்தது நான் சேர்."

"நான் கேட்டது அதை இல்லை."

 சோமசேகரம் பேனையை மூடிவிட்டுக் காத்திருந்தார்.  ஆனாலும் அவள் சிவதர்ஷனின் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில் அவர்தான் படிவத்தை எடுத்தார்.

"அடுத்த அணியோடை செய்யட்டும்," என்றார் பத்மாவதியைப் பார்த்து. "வேறை வழி இல்லை."

பத்மாவதி தன் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு நிமிசம்," என்றார்.

"என்ன?"

"முட்டை தாழ்ந்தது பன்னிரண்டாவது நிமிசம். நான் நேரம் குறிச்சிருக்கிறன். அதுவரைக்கும் நாடகம். அதுக்குப் புள்ளி இல்லை. மிச்சம் இருபத்தெட்டு நிமிசத்தை ஊறப்போட ஒருத்தராலும் ஏலாது, சேர்."

ஊறப்போடுதல் என்ற சொல் பத்மாவதிக்கும் தெரிந்திருந்தது. சோமசேகரம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"குறிப்பின்படி பாடம் முடியேல்லை."

"முடியேல்லைத்தான். அதுக்கும் வெட்டுங்கோ."

"கேள்விக்குத் தெரியாது எண்டு பதில் சொன்னவ."

"உங்களுக்குத் தெரியுமோ, அந்தக் கிணத்துக்குள்ளை முட்டை எங்கை நிக்குமெண்டு?"

 ஜெனிற்றாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். விறாந்தை வாங்கில் அவள் இருந்தாள். சிவதர்ஷன் தள்ளி நின்றான். கிட்ட வரவில்லை. உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின. மோட்டர் நின்றது. அவள் சீலைத் தலைப்பில் காய்ந்த முட்டைக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கார்ச் சாரதி அடுத்த பாடசாலைக்கு நேரமாகிறது என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

திரும்பக் கூப்பிட்டபோது சோமசேகரம் கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்து, தன் பேனையையும் வைத்தார்.

"புதன்கிழமைப் பக்கத்தை வெட்டும். உண்மையை எழுதிக் கையெழுத்து வையும். கோப்பு எங்களிட்டை இருக்கும். நாளைக்கு ஆரும் எடுத்துப் பாத்தால் பாக்கட்டும். புள்ளி பெறுபேறு வரேக்கை தெரியும். கூட எதிர்பாக்கவேண்டாம்."

அவள் உணவுச் சங்கிலியைக் குறுக்காக வெட்டி எழுதினாள்: 'நாளைய மதிப்பீட்டுப் பாடத்தை இதே வகுப்பில், பிள்ளைகளுக்குப் பதில்களையும் சொல்லிக்கொடுத்து நடத்தினேன்.' இரண்டாம் பாதியை எழுதும்படி ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை 'எதைச் சொல்ல' என்று கேட்டது இன்னும் காதுக்குள் நின்றதால் எழுதினாள்.

ஆறு கிழமை கழித்துப் பெறுபேறு வந்தது. கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்குச் சீ தரம். அணியிலேயே ஆகக் குறைந்த சித்தி. ஆனால் சித்தி, தவறவில்லை. சிவதர்ஷனுக்கு ஏ. அறிவித்தல் பலகைக்கு முன்னால் அவன் கனநேரம் பக்கத்தில் நின்றான்.

"என்ரை பேரைச் சொல்லாததுக்கு..." என்று தொடங்கினான்.

"உமக்காக இல்லை," என்றாள்.

"வாயை மூடிக்கொண்டு படத்தைக் கீறியிருந்தால் உமக்கும் ஏ தான்."

"முட்டை தாண்டு கிடந்ததே."

வீட்டில் செபமாலை வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவள் சித்தி என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். எத்தனையாம் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்:

"அப்பா, ஒரு கிணத்திலை மேலை நல்ல தண்ணி, கீழை உப்புத் தண்ணி. உடன் இட்ட முட்டை ஒண்டை விட்டால் எங்கை போய் நிக்கும்?"

"அந்த உப்பு எவ்வளவு உப்பு?"

"அது தெரியாது."

"அப்ப என்னைக் கேட்டு என்ன? ஒரு போத்தலைக் கயித்திலை கட்டி இறக்கி, அடித் தண்ணியை அள்ளிக்கொண்டு வந்து பாக்கவேணும்."

பயிற்சி முடிந்தாலும் புத்தூர்ப் பாடசாலைக்கு ஒரு தரம் போக வேண்டியிருந்தது, இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க. ஜெனிற்றா மீன்பிடி நைலோன் கயிறு ஒரு சுருளையும் மூடியுள்ள போத்தல் ஒன்றையும் பையில் வைத்தாள். முட்டை கொண்டுபோகவில்லை. அது கோபிகா வீட்டில் இருக்கும்.